காலை எடுத்தாலும் அடங்காத இஞ்சின்

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பாவின் 1967ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெற் கார் இருக்கிறது. 1275 சி.சி. இஞ்சின், பெற்றோலையும் காற்றையும் கலந்து விடும் எஸ்.யு. கார்பரேற்றர் இரண்டு. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது நாலு சில்லும் இல்லை, மற்றதெல்லாம் கொட்டிலுக்குள் அப்படியே இருந்தன. போன வருடம் இஞ்சினை இறக்கி, ரிங்கரிங் செய்து, பெயின்ற் அடித்து ஓடப் பண்ணினோம். அன்று தொடக்கம் ஒரு கரைச்சல். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தாலும் சிலநேரம் இஞ்சின் இறங்குவதில்லை. போன மாதம் நல்லூர் முத்திரைச் சந்தியில் 3000 ஆர்.பி.எம்மில் அப்படியே நின்றுவிட்டது. சாவியை மூடித்தான் காரை நிறுத்தினேன். அக்சிலேற்றர் கேபிள் இரண்டு தரம் மாற்றியாயிற்று. ஒரு கராச்சில் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் போட்டுத் தந்தார்கள், இப்போது பெடல் கல்லு மாதிரி. இன்னொரு கராச்சில் இரண்டு கார்பரேற்றரையும் மாற்றச் சொல்கிறார்கள். கார்பரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரன் இறுகுகிறது என்பது அப்பாவின் கட்சி. தை மாதம் தம்பிக்குக் கலியாணம். மாப்பிள்ளை இந்தக் காரில்தான் போக வேண்டும் என்று அப்பா நிற்கிறார். கார்பரேற்றரை மாற்றத்தான் வேண்டுமா? (இன்னொன்று. காலையில் ஸ்ராட் பண்ணும்போது மந்தமாகச் சுற்றும். அந்த நேரம், குளிர்ந்த இஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்ட இழுக்கிற சொக் நொப்பைப் பிடித்தால் கை சுடுகிறது. பெரிய விஷயமில்லை, சும்மா சொன்னேன்.)
கொக்குவில் வாசகி

பதில்: தங்கச்சி, கடைசியில் அடைப்புக்குள் போட்டு ‘சும்மா சொன்னேன்’ என்றீர்களே, அந்த இடத்தைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். கார்பரேற்றரை மாற்ற வேண்டாம். காசைக் கலியாணத்துக்கு வைத்திருங்கள். சொக் நொப் ஏன் சுடுகிறது என்று முதலில் பார்ப்போம். கேபிள் ஏன் இறுகுகிறது என்பதும் அதற்குள்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

அதற்கு முதல் ஒன்று. இது சரிவரும்வரை காரை வீதிக்கு எடுக்காதீர்கள். முத்திரைச் சந்தியில் நீங்கள் சாவியை மூடியது சரியான வேலை. இந்தக் காருக்கு பிறேக் சேர்வோ (இஞ்சினின் இழுவையால் பிறேக்குக்குப் பலம் கூட்டும் சாமான்) கிடையாது, இஞ்சின் நின்றாலும் பிறேக் அதே பிறேக்தான். இன்னொரு தரம் அப்படி வந்தால் கிளச்சையும் பிறேக்கையும் சேர்த்து மிதித்துக்கொண்டு சாவியை மூடுங்கள். கிளச்சை மிதித்ததும் இஞ்சின் ஓவென்று கத்தும், கத்தட்டும், சாவி மூடியதும் அடங்கிவிடும். (ஸ்ரியறிங் லொக் உள்ள கார் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால்: கார் முழுக்க நிற்கும்வரை சாவியை வெளியே இழுக்க வேண்டாம்.) ஓடுகிற காரில் குனிந்து பெடலைக் கையால் தூக்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வீரம் வேண்டாம்.

சரி, சொக் நொப்புக்கு வருவோம். பற்றரியில் இருந்து மொத்தமான வயர் ஒன்று ஸ்ராட்டருக்குப் போகிறது. போன கரண்ட் பற்றரிக்குத் திரும்பி வர வேண்டும், வருகிற வழி காரின் பொடி. ஆனால் இஞ்சினும் கியர்பொக்ஸும் றப்பர் மவுண்டிங்கின் மேல் இருக்கின்றன. றப்பர் கரண்டை விடாது. அதனால் செம்புக் கம்பியில் பின்னிய பட்டி ஒன்றை இஞ்சின் பக்கத்தில் இருந்து பொடிக்குப் போட்டிருப்பார்கள். ஏர்த் பட்டி என்போம். அது இல்லாமல் போனாலோ, புதுப் பெயின்றுக்கு மேல் வைத்து முறுக்கியிருந்தாலோ கரண்ட் வேறு வழி தேடும். ஸ்ராட்டர் இஞ்சினைச் சுற்றும்போது நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் போவதற்கு இஞ்சினையும் பொடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு என்னென்ன இருக்கிறது? சொக் கேபிள் ஒன்று, அக்சிலேற்றர் கேபிள் ஒன்று. சைக்கிள் பிறேக் கம்பி மொத்தத்தில் இருக்கும் ஒன்றுக்குள் அவ்வளவு கரண்ட் போனால் அது ஹீற்றர் கம்பி மாதிரித்தான். உள்ளே பிளாஸ்ரிக் குழாய் வைத்த கேபிள் என்றால் அது இளகிக் கம்பியைப் பிடிக்கும். பிளாஸ்ரிக் இல்லாத பழைய வகை என்றால் உள்ளே இருந்த எண்ணெய் கருகிக் கட்டிபடும். சூடு கண்ட இழை ஒன்றிரண்டு அறுந்து, வெளி உறையின் வாயில் கொளுவிக்கொள்ளும். பெடலை மிதிக்கும்போது காலின் பலத்துக்கு எல்லாம் வரும். திரும்பிப் போகும்போது ஸ்பிரிங்கின் பலம் மட்டும்தான், அங்கே நின்றுவிடும்.

ஸ்ராட்டர் மந்தமாகச் சுற்றுவதும் இதோடு ஒத்துப்போகிறது. இன்னொரு சாட்சியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: கரைச்சல் தொடங்கியது இஞ்சினை இறக்கி ஏற்றிய பிறகு. இஞ்சினை இறக்குகிறவர் ஏர்த் பட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். ஏற்றும்போது அது தரையில் எண்ணெய்க்குள் கிடந்தால் யாருக்கு ஞாபகம் வரும்? அது இல்லாமலும் கார் ஸ்ராட் ஆகும், ஓடும். அதுதான் இந்தப் பிழையின் கெட்ட குணம்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நானும் இதில் அடிபட்டவன்தான். கராச்சில் கையாளாக நின்ற காலத்தில் ஒரு மொறிஸ் மைனர் ஹயர் கார் இதே குறையோடு வந்தது. நான் கேபிள் மாற்றினேன். இரண்டு கிழமையில் திரும்ப வந்தது. இன்னொரு கேபிள். மூன்றாவது தரம் ஹயர்காரர் என்னோடு கதைக்கவே இல்லை, நேரே எங்கள் பெரியவரிடம் போனார். பெரியவர் ஒரு ஸ்பனர்கூட எடுக்கவில்லை. என்னை ஸ்ராட் அடிக்கச் சொல்லிவிட்டு, பொனற்றுக்குள் கையை விட்டு கேபிளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். சுட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைத் தட்டத்துக்குப் போய்விட்டார். கீழே படுத்துப் பார்த்தேன், ஏர்த் பட்டியின் ஒரு முனை உப்புக் காற்றில் பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.

உங்கள் காரில் இதை நிச்சயப்படுத்த ஐந்து நிமிடம் போதும். ஜம்ப் வயர் ஒன்று இரவல் வாங்குங்கள், பற்றரி இறங்கினால் பக்கத்துக் காரில் இருந்து கரண்ட் எடுப்போமே, அந்த வயர். ஒரு கவ்வியை இஞ்சினில் பெயின்ற் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். மற்றக் கவ்வியை பொடியில் வெறும் இரும்பு தெரியும் ஒரு போல்ற்றில் மாட்டுங்கள். காற்றாடிக்கும் பெல்ற்றுக்கும் தள்ளி இருக்கட்டும். கியர் நியூற்றலில், ஹான்ட் பிறேக் போட்டு, இஞ்சின் பிடிக்காமல் இருக்கக் கொயிலின் நடு வயரைக் கழற்றிவிட்டு ஸ்ராட் அடியுங்கள். ஸ்ராட்டர் முன்னையைவிடச் சுறுசுறுப்பாகச் சுற்றி, சொக் நொப்பும் குளிர்ந்தபடி இருந்தால் குற்றவாளி பிடிபட்டான். மல்ரிமீற்றர் இருந்தால் அப்பாவுக்கு இன்னும் பிடிக்கும்: ஒரு முனை இஞ்சின் இரும்பில், மற்றது பற்றரியின் ஏர்த் முனையில், ஸ்ராட் அடிக்கும்போது அரை வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. உங்களுடையதில் கனக்கக் காட்டும் என்று நினைக்கிறேன்.

பட்டி கிடைப்பதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. ஸ்ரான்லி வீதிப் பக்கம் வாகன உதிரிப்பாகக் கடைகளில் கேளுங்கள். எந்தக் காரின் பட்டியும் நீளம் சரியாக இருந்தால் போதும். கிடைக்காவிட்டால் பற்றரி வயரின் மொத்தத்தில் ஒரு துண்டு எடுத்து, இரண்டு பக்கமும் கண் வைத்து நசுக்கித் தரச் சொல்லுங்கள். இஞ்சின் ஆடும், அதற்கு இடம் விட்டுச் சற்றுத் தளர்வாகப் போடுங்கள். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். பொடியில் கண் உட்காரும் இடத்தை அரத்தாலோ அரத்தாளாலோ வெள்ளி மாதிரி வரும்வரை சுரண்ட வேண்டும். புதுப் பெயின்ற் அடித்த காரில் இதைச் செய்ய மனம் வராது, தெரியும். ஒரு ரூபாய்க் காசு அளவு இடம்தான். முறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசிவிடுங்கள், எங்கள் கடல் காற்றுக்கு அது இல்லாமல் நிற்காது. பற்றரியின் ஏர்த் வயர் பொடியில் பிடிக்கும் இடத்தையும் அதே கையோடு சுத்தம் பண்ணுங்கள்.

பட்டி போட்ட பிறகுதான் கேபிள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். நீங்கள் இரண்டு தரம் கேபிள் மாற்றியும் சரிவராததற்குக் காரணம் புதுக் கேபிளையும் பழைய நெருப்பிலேயே போட்டதுதான். இப்போது காரில் இருக்கும் அக்சிலேற்றர் கேபிள், சொக் கேபிள் இரண்டும் சூடு பட்டவை, இரண்டையும் மாற்றுங்கள். சைக்கிள் கடைக் கம்பியில் செய்து தருகிறேன் என்று யாரும் சொல்வார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நானும் செய்திருக்கிறேன். மண்ணெண்ணெயில் கார் ஓட்டி, ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்ட நாட்கள் அவை, அப்போது அது கெட்டித்தனம். இப்போது அதற்கு ஒரு நியாயமும் இல்லை.

புதுக் கேபிளுக்கு எண்ணெய் விடலாமா என்று கேட்பீர்கள். உள்ளே பிளாஸ்ரிக் குழாய் இருந்தால் ஒன்றும் விட வேண்டாம், அது உலர்ந்தபடியே வழுக்கும். பிளாஸ்ரிக் இல்லாத வகைக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு. வீட்டில் இருக்கிற நல்லெண்ணெயை ஊற்றுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. செம்மண் தூசியோடு சேர்ந்து அது ஒரு வருடத்தில் பனம்பழப் பினாட்டு மாதிரி ஆகிவிடும். தேங்காயெண்ணெய் இன்னும் விசேஷம். ஒருவர் மார்கழிக் காலையில் மட்டும் அக்சிலேற்றர் இறுகுகிறது, வெயில் ஏறினால் சரி என்று வந்தார். நான் என்னவெல்லாமோ யோசித்தேன். கேபிளைக் கழற்றினால் உள்ளே தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கிறது! அது ஏறக்குறைய 24 பாகையில் உறையும், எங்கள் மார்கழி விடியலுக்கு அது போதும்.

இனிக் கார்பரேற்றர் பக்கம். ஏர்த் பட்டிதான் காரணம் என்று எனக்கு ஏறக்குறைய நிச்சயம். ஆனாலும் கடிதத்தை வைத்துக் காருக்குச் சத்தியம் பண்ண முடியாது. கேபிளைக் கழற்றும்போது அது கார்பரேற்றர் முனையில் விடுபட்டு நிற்கும் ஒரு நேரம் வரும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். பெடலில் இருந்து, கார்பரேற்றருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தட்டு வரைக்கும் உள்ள வழி அப்போது இரண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது, எந்தப் பாதியில் இறுக்கம் என்று கையாலேயே தெரியும்.

பெடல் பாதியில் பார்க்க அதிகமில்லை. பெடலின் அச்சு துருப்பிடித்திருக்கலாம், மிதியடி கீழே சுருண்டு பிடிக்கலாம். சிரிக்காதீர்கள், மிதியடியால் வந்த கார்களும் உண்டு.

கார்பரேற்றர் பாதியில், லீவரை விரலால் முழுக்கத் திறந்து சட்டென்று விடுங்கள். ‘டக்’ என்று அடித்து மூட வேண்டும். மெதுவாக வந்தால், அல்லது கடைசி இரண்டு மில்லிமீற்றரில் தயங்கினால், இரண்டு கார்பரேற்றரையும் இணைக்கும் தண்டின் கவ்விகளைத் தளர்த்துங்கள். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும், மறுபடி விரலால் திறந்து விட்டுப் பாருங்கள். தனியே இரண்டும் நன்றாக மூடி, சேர்த்தால் மட்டும் இறுகினால் இணைப்புத் தண்டு நேரில் இல்லை. இஞ்சினை ஏற்றியவர்கள் கவ்விகளைக் கண்மட்டத்துக்கு முறுக்கியிருப்பார்கள். அந்தக் கவ்வியில் உள்ள ஊசி, கார்பரேற்றர் லீவரின் கவைக்குள் சற்று ஆட்டத்தோடு இருக்க வேண்டும், ஏறக்குறைய 12 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு). பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து முறுக்குகிற வேலை, அவசரப்படக் கூடாது.

ஒரு கார்பரேற்றர் தனியாகவே இறுகினால் உள்ளே இருக்கும் வட்டத் தட்டு நடுவில் உட்காரவில்லை, விளிம்பு சுவரில் உரசுகிறது. தட்டைப் பிடிக்கும் இரண்டு சின்னத் திருகாணிகளையும் தளர்த்தி, லீவரை விட்டுத் தட்டைத் தானாக மூட விட்டால் அது தன் இடத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு முறுக்கலாம். கவனம்: அந்தத் திருகாணிகளின் நுனி பிளந்திருக்கும். முறுக்கிய பிறகு நுனியை விரித்துவிடத்தான் அந்தப் பிளவு. விரிக்காமல் விட்டால் ஒருநாள் கழன்று நேரே சிலிண்டருக்குள் போகும். பழையதை மறுபடி விரித்தால் முறியும், புதியது போடுங்கள். மொறிஸ் மைனரின் பிந்திய 1098 சி.சி. இஞ்சின் உங்கள் இஞ்சினின் தமையன்தான், அதிலும் ஒண்டேகால் அங்குல எஸ்.யு.தான். ஆனபடியால் தட்டு, திருகாணி மாதிரிச் சின்னச் சாமான்களுக்குப் பழைய மைனர்காரர்களைக் கேட்டுப் பார்க்கலாம். அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். லீவரும் ஸ்பிரிங்கும் ஒன்றல்ல.

சொக்கையும் ஒருதரம் பாருங்கள். நொப் முழுக்க உள்ளே போனபோது, கார்பரேற்றரில் சொக்கின் கேம் என்ற மேட்டுத் துண்டுக்கும், சொக் இழுத்தபோது இஞ்சின் வேகத்தைக் கூட்டும் பாஸ்ற் ஐடில் திருகாணிக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். சூடு பட்ட சொக் கேபிள் பாதியில் நின்றால் அந்தக் கேம் தட்டைத் திறந்தபடி தாங்கிக்கொண்டிருக்கும், அக்சிலேற்றர்மேல் பழி விழும். ஆனால் அது ஐடிலை (பெடலில் கால் வைக்காதபோது ஓடும் வேகத்தை) கொஞ்சம் கூட்டும், 3000க்குக் கொண்டுபோகாது.

அந்தக் கூடுதல் ஸ்பிரிங்கை இன்றைக்கே கழற்றுங்கள். கார்பரேற்றருக்கு ஒன்றாகக் கம்பனி வைத்த ஸ்பிரிங் இரண்டும் நல்லபடி கொளுவியிருந்தால் போதும். இறுகும் இடத்தைத் தேடாமல் ஸ்பிரிங்கைக் கூட்டுவது, காய்ச்சல்காரனுக்கு இன்னொரு போர்வை போடுகிற மாதிரி. அது தட்டைத் தாங்கும் தண்டை ஒரு பக்கமாக இழுத்துத் தேய்க்கும், கேபிளையும் கெதியாக அறுக்கும். அதைப் போட்டவரில் எனக்குக் கோபமில்லை, அன்றைக்குக் காரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமே. கார்பரேற்றரை மாற்றச் சொன்னவரோடுதான் எனக்கு வழக்கு. தண்டு தேய்ந்தால் காற்று இழுக்கும், ஐடில் நிற்காது, கலவை கெடும். 3000இல் கொண்டுபோய் நிறுத்துவது தேய்மானத்தின் வேலை அல்ல.

அப்பாவின் பிஸ்ரன் கதைக்கு வருகிறேன். அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: எஸ்.யு.வின் பிஸ்ரன் காற்றின் இழுவையில் தானாக ஏறி இறங்குவது, பெடலோடு அதற்குத் தொடர்பில்லை. தட்டு மூடினால் பிஸ்ரன் எங்கே நின்றாலும் இஞ்சின் இறங்கியே ஆகும். அது இறுகினால் இழுவை குறையும், கரும்புகை வரும், இருமும். ஆனால் சோதித்துப் பார்ப்பதில் பிழையில்லை, அது அவருக்கு ஏற்ற வேலையும் கூட. கார்பரேற்றரின் அடியில் உள்ள சின்ன ஊசியை மேலே தள்ளிப் பிஸ்ரனைத் தூக்கி விட்டால் ‘டொக்’ என்று விழ வேண்டும். மேல் மூடியைக் கழற்றினால் எண்ணெய்க் குழி இருக்கும், அதற்கு எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய். இந்தக் கார்பரேற்றரை உண்டாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் சப்பாத்துக் குடும்பம். முதலில் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோல் துருத்திதான் வைத்தார்கள். அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சந்தோஷப்படுவார்.

கேபிளையும் பட்டியையும் மாற்றிய பிறகு தட்டுகள் இரண்டும் முழுக்க மூடுவதைக் கண்ணால் கண்டும் இஞ்சின் மெதுவாக இறங்கினால், லிங்கேஜை (பெடலில் இருந்து தட்டு வரைக்குமான இணைப்பை) மறந்துவிடுங்கள். இன்ரேக் மனிபோல்ட் பக்கிங்கில் (கார்பரேற்றருக்கும் இஞ்சினுக்கும் இடையிலான குழாயின் மூட்டில்) காற்று இழுக்கலாம், பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குள் அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அப்போது திரும்ப எழுதுங்கள்.

முதலில் வளவுக்குள் ஓடவிட்டு, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் பெடலை இருபது முப்பது தரம் மிதித்து விட்டுப் பாருங்கள். குளிர்ந்த இஞ்சினில் சரியாக இருப்பது போதாது. அதற்குப் பிறகு வீதி. நேராக இருக்கிறதே என்று பண்ணைப் பாலத்துக்கு விடியற்காலையில் கொண்டுபோக வேண்டாம், அந்தப் பக்கம் நடக்க வருகிற ஆட்கள் அதிகம்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பட்டியை இந்தக் கிழமையே போடலாம். கேபிள் இரண்டும் வெளியில் இருந்துதான் வர வேண்டியிருக்கும், இன்றைக்கே சொல்லிவையுங்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒருதரம் கேட்டுப் பார்ப்பதிலும் நட்டமில்லை. மற்றது, அது இரண்டு சீற் கார். ஓட்டுவது நீங்கள், பக்கத்தில் தலைப்பாகையோடு தம்பி. மாப்பிள்ளைத் தோழனுக்கு வேறு வாகனம் ஒழுங்கு பண்ணி வையுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்குக் காலையில் வாசலில் நின்று யோசிக்க வேண்டி வரும்.